யாரும் காத்திருக்காத படங்கள்

பள்ளி நினைவு மலரின் நடுப்பக்கத்தில் என் மகள் மினுமினுக்கும் காகிதப் பூக்கொம்பைப் பிடித்தபடி சிரிக்கிறாள். பக்கத்துப் படத்தில் பள்ளி விழாவுக்கு வந்த பிரமுகர் கையசைத்துக்கொண்டு வருகிறார். உண்மையில் அவர் வந்த நேரத்தில் அவள் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதம். வெயிலில் நின்ற பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். பள்ளியிலிருந்து போன் வந்து நான் போய்ப் பார்த்தபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. மலரில் இருப்பது விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையில் எடுத்த படம்.

இப்போதும் பகலில் போன் அடித்தால் பள்ளியின் எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

போன வாரம் இன்னொரு விழாவுக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பிரமுகரை வரவேற்க ஒரு மலாய்ப் பிள்ளை, ஒரு சீனப் பிள்ளை, பாவாடை தாவணியில் ஒரு தமிழ்ப் பிள்ளை. மறுபடியும் இவள்தான். இவளுக்கோ போக ஆசை. திங்கட்கிழமைக்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

சனிக்கிழமை அவளுடைய வரலாற்றுப் பாடத்துக்காகப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய அச்சுப்படக் கண்காட்சி ஒன்றுக்குப் போனோம். முதல் படமே அந்தக் கால வெள்ளைக்கார கவர்னர் துறைமுகத்தில் இறங்கும் விழா. குடைக்குக் கீழே அவர் மட்டும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். குடை பிடித்த நம் ஆளுக்கு முகமே இல்லை. கொடிகள் வலப்பக்கம் பறக்கின்றன, பீரங்கிப் புகை இடப்பக்கம் போகிறது.

"என்ன அண்ணே இது, காத்து ரெண்டு பக்கமும் அடிக்குதா?" என்று அங்கிருந்த பணியாளரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "வரைஞ்சவரு பினாங்குக்கு வந்ததே இல்ல. யாரோ எழுதுன லெட்டர பாத்து லண்டன்ல செதுக்கினது."

"அப்ப பொய்யா?"

"பொய்யின்னு சொல்ல முடியாது லா. விழா நடந்துச்சு. இப்படி நடக்கல, அவ்வளவுதான்."

வரிசை வரிசையாக நின்ற கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவர்கூட வியர்வையைத் துடைக்கவில்லை, குந்தவில்லை. கவர்னர் எப்போதும் வந்துவிட்டவராகவே இருக்கிறார். அவருக்காக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைப் படம் விழுங்கிவிட்டது. அடுத்த மூன்று படங்களிலும் அப்படித்தான்.

"அப்பா, உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம். படம்னா அப்படித்தான் லா."

"நீ விழுந்தது எந்தப் படத்துல இருக்கு?"

வெளியே வந்து காரில் ஏறிய பிறகு கேட்டாள்: "நான் ஒத்திகைக்கு மட்டும் போகட்டுமா? படம் அன்னைக்குத்தானே எடுக்கிறாங்க?"

கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

'ஒத்திகைக்கு மட்டும் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பள்ளியிலிருந்து கோபமாகப் போன் வரும், என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஆசிரியை 'நன்றி, சரி' என்று ஒரு வரி அனுப்பினார். விழா நாளுக்கு வேறு பிள்ளையைத் தேடுவதாகக்கூடச் சொல்லவில்லை.