கொழுந்து மலையில் ஒரு பெட்டித் தராசு

காலை ஆறு நாற்பதுக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். பசறை வழியாக நமுனுகுலவுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வளைவுக்கு வளைவு என் பெட்டி உருண்டு வந்து காலை நசுக்கியது.

"என்னங்க மிஸ், வெளிநாட்டுக்கா போறீங்க?" என்றார் கொண்டக்டர். இரண்டு நாளுக்கு அவ்வளவு சாமான் கட்டியவளுக்கு அது வேண்டியதுதான்.

நான் பார்க்கப் போன சரோஜா முன்பு கொழும்பில் என் பக்கத்து வீட்டில் வேலை பார்த்தவள். இப்போது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பெட்டியை அவள் குடியிருக்கும் லயத்து அறையில் போட்டுவிட்டு, அவள் பறிக்கும் மலைக்கே போனேன். அவள் கழுத்தில் கொக்கி வைத்த சின்னக் கைத்தராசு தொங்கியது. விமானத்துக்குப் போகுமுன் பெட்டியை நிறுத்துப் பார்ப்போமே, அதுதான். கொழும்புக் கோட்டைக் கடையில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒன்று என் பெட்டியிலும் கிடந்தது.

"தங்கச்சி குவைத்துலருந்து கொண்டாந்தா மிஸ். அவ பெட்டிய நிறுத்தா. நான் கொழுந்த நிறுக்கிறேன்."

அங்கே ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ பறிக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்த மாதம் அவளுக்கு நான்கு அரைப்பேர் விழுந்திருந்தது. மதிய நிறுவையில் ஒன்பது கிலோ பதிந்தாயிற்று.

நாலேகாலுக்குக் கடைசி நிறுவை. சரோஜாவின் கைத்தராசு பத்துக் காட்டியது. நிறுவை எழுதும் கணக்கப்பிள்ளை தன் தராசில் மாட்டினார், தாளில் எட்டு என்று எழுதினார். மொத்தம் பதினேழு, ஒரு கிலோ குறைவு.

"தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கழிவு."

"ஒரு வாரமா பொட்டு மழை இல்லீங்க, என்ன தண்ணி?"

"ஒன் வெளையாட்டுச் சாமான் இங்க செல்லாது சரோஜா."

அவள் அசரவில்லை. கடையில் வாங்கி இன்னும் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்தாள். அடிப்பாவி, அதையும் மலைக்குச் சுமந்து வந்திருக்கிறாளே! முதலில் தன் தராசில் மாட்டினாள், ஐந்து. பிறகு அவர் தராசில், ஐந்து.

"தராசு ரெண்டும் சரியாத்தாங்க இருக்கு. அந்த ரெண்டு கிலோ ஒங்க பேனாவுலதான் இருக்கு."

வரிசையில் நின்ற பதினொரு பெண்களும் தங்கள் சாக்குகளை மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற புஷ்பம், "அவ நிறுவைய சரியா எழுதுங்க, அப்பறந்தான் எங்க கொழுந்து" என்றாள். கொழுந்து ஏற்ற வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். யாரும் நகரவில்லை. எனக்கோ கொண்டாட்டமாக இருந்தது.

கணக்கப்பிள்ளை எட்டை வெட்டி ஒன்பதரை எழுதினார், சாக்குக்கு அரைக் கிலோ மட்டும் கழித்து. சரோஜாவுக்கு முழுப்பேர்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், நான் ஊர் திரும்பப் பெட்டியோடு நின்றேன். மலைக்குக் கைத்தராசு கொண்டுவரக் கூடாது என்றார் கணக்கப்பிள்ளை. சரோஜா சேலைக்குள் கிடந்த தராசை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியே போட்டுக்கொண்டாள்.

இதைக் கண்டுபிடித்தவர், பெட்டி கனத்தால் விமான நிலையத்தில் காசு பிடுங்குவார்களே என்று மட்டும்தான் யோசித்திருப்பார். பாவம், நமுனுகுல அவர் கணக்கிலேயே இருந்திருக்காது. நானும்தான் என்ன கிழித்தேன்? கொழும்பில் வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரை ஒரு நாளாவது நிறுக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

பெட்டியைத் திறந்து என் தராசை எடுத்தேன். கணக்கப்பிள்ளை பார்க்கப் பார்க்க அதைப் புஷ்பத்தின் கழுத்தில் மாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.