பாரிஸுக்கு இரண்டரை மணித்தியாலம்

பாரிஸில் பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அது தொண்ணூறுகளின் கடைசி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். இன்னும் ஒரு கிழமைதான் தாங்குவா என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்ன அன்று, உதவுகிறேன் என்ற நினைப்பில் பள்ளிக்கூட அட்லஸை விரித்து அடிமட்டம் வைத்துத் தூரத்தை அளந்தேன். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வந்தது. விமானம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று அப்பா ஒரு குத்துமதிப்பில் சொன்னார். வகுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டரை மணித்தியாலம்தான் அம்மா" என்றேன்.

"மொண்டெல்லோவிலை இருந்து அப்பா வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வாறதுக்கே சில நாள் அவ்வளவு செல்லும்" என்றாள் அம்மா. அந்தக் கிழமை அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அடுத்த நாள் விமான டிக்கெட் எடுக்க என்னையும் கூட்டிப் போனாள். கந்தோர், அலுவலகம் மாதிரி ஓர் இடத்துக்குள் நுழைந்தாலே அவளுக்கு வாய் கட்டிவிடும். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலை. அம்மாவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கையில் இருந்தது கொடுத்ததற்கான துண்டு மட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: டிக்கெட் தரலாம், நாளைக்கே இடம் இருக்கிறது, போகும்போது அநேகமாக யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் இந்தத் துண்டோடு திரும்பி உள்ளே விடுவார்களா என்று தன்னால் சொல்ல முடியாது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் தகப்பன் இப்படித்தான் ஜெர்மனிக்குப் போனவர். அங்கேயிருந்து கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள் என்று பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டிருந்தேன். போவதற்குத்தான் நான் கணக்குப் பார்த்திருந்தேன்.

"ஏலாதாம்" என்றேன்.

"போக ஏலாதாமோ, திரும்பி வர ஏலாதாமோ?"

"ரெண்டும் ஏலாதாம்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, "சரி, வா" என்றாள். இப்போது நானும் ஒரு பிள்ளையின் தாய். அந்தப் பார்வை கோபமா, வேறெதுவுமா என்று அடிக்கடி யோசிக்கிறேன். ஒரு விடையைக் கண்டுபிடித்து, அடுத்த நாள் அது பிழை என்கிறேன்.

ஐந்தாம் நாள் பெரியம்மா இறந்துபோனார். "விடமாட்டம் எண்டிட்டினம் அத்தான்" என்று பெரியப்பாவிடம் தொலைபேசியில் அழுதாள் அம்மா. பிள்ளைதான் சொன்னாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் தப்பிவிட்டதாக நினைத்தேன்.

பெரியம்மாவின் எட்டாம் நாள் செலவு கழிந்து மீன் வாங்கப் போனோம். மீன்காரன் பழசைத் தள்ளப் பார்த்தான். அம்மா செவுளைத் தூக்கிக் காட்டி, இத்தாலியனில் மூச்சுவிடாமல் அவனை ஒரு பிடி பிடித்தாள். அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் ஆறு வருடம் வேலை செய்து பழகிய மொழி. என் அம்மா எவ்வளவு நன்றாகக் கதைக்கிறாள் என்று பெருமையாக நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பேசியதும் இதே மொழிதான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.