ஒரே ஐடிக் குடும்பம்

என் மாமனார் வேலையில் இருந்த காலம் முழுக்க ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில்தான் இருந்தார். அங்கே செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருநின்றவூரில் வீடு கட்டிக் குடி வந்த பிறகும் மனுஷர் அந்த வாசலை விட்டு வரவில்லை. கூடவே பெயர்த்தெடுத்து வந்து எங்கள் ஹாலில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு முடிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் அவரவர் போனைக் கம்ப்யூட்டர் மேஜையில் ஒப்படைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்துச் செய்த டோக்கன் ஒன்று தருவார். ஒவ்வொரு போனாகக் கேபிளில் மாட்டி, உள்ளே இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவார். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, புது மருமகளைக் கலாய்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் கையில் கொடுக்கப்பட்ட டோக்கனில் பிள்ளையாரின் தும்பிக்கை பாதி இருந்தது.

இந்தச் சடங்கு அவ்வளவு லேசில் முடியாது. வீட்டில் ஒரு டப்பா நிறைய கேபிள் உண்டு. பெரும்பாலானவை ரயிலில் விற்பவர்களிடம் வாங்கியவை. சார்ஜ் ஏற்றும், படத்தைக் கடத்தாது. கடத்துகிற உத்தமக் கேபிள் ஒன்றே ஒன்றுதான். அதற்குத் திருஷ்டிக்குக் கட்டுவதைப்போல் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்தார். அதை மாட்டினாலும், தகவலைப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரலாமா என்று போன் கேட்கும். நம் போன், நம்மிடம் கேட்கிறது. பதில் சொல்பவர் மாமனார். ஒருமுறை அதை அமுக்க மறந்துவிட்டு, கம்ப்யூட்டரில் போன் காலியாகத் தெரிகிறது என்று பதறி, என் வீட்டுக்காரரைக் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஈரத்துண்டோடு வரவழைத்தார்.

இதைவிடப் பெரிய கூத்து ஐடி. முதன்முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியபோது, கடைக்காரர் மாமனாருக்கு ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்து மாமியாருக்குப் போன் வாங்கும்போது இன்னொரு ஐடி போடட்டுமா என்று கேட்டதற்கு, குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டுதானே, ஐடி மட்டும் எதற்கு ரெண்டு என்று இவர் மறித்திருக்கிறார். அதோடு முடிந்தது. மகனுக்கும் அதே ஐடி, கம்ப்யூட்டருக்கும் அதே ஐடி. கல்யாணமான மறுவாரம், ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்த கையோடு என் போனையும் அந்த ஐடியில் சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து என் போனில் கேஸ் சிலிண்டர்காரர், மாமனாருடன் வேலை செய்தவர்கள், மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை, தண்ணீர் லாரி எல்லோரும் குடியேறினார்கள். நான் ஒரு படம் எடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் அந்த ஐடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் வேண்டுமானாலும் அவர்கள் போனிலிருந்தே பார்க்கலாம். இது மாமனாருக்கே சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் மதிக்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை ஒயரில் வருவதுதான் படம், மற்றதெல்லாம் வதந்தி.

எனக்கு வேலை மண்ணூர்பேட்டையில், வண்டிக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் தர சோதனைப் பிரிவில். காலையில் திருநின்றவூரில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் நான் தனிக்குடித்தனம் போக நினைத்ததற்கு ரயில் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. யாரும் கொடுமை செய்யவில்லை, அடிக்கவில்லை, வையவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டால்கூட, வெளியே வரும்போது தலைவலியா என்று ஒருவர் கேட்பார், சுக்குக் காபியோடு இன்னொருவர் நிற்பார். எனக்கென்று ஒரு வீடு வேண்டும், அதில் என் போன் என் போனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் கணக்கு எழுதுகிறார். அவருக்கும் மண்ணூர்பேட்டைதான் வசதி. ஆனால் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். கல்யாணத்துக்குப் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம். சரி, அவர் பார்க்கட்டும் என்று மதிய இடைவேளையில் நானே வீடு பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த வீடுகளையெல்லாம் படம் எடுத்தேன். கழுவாத பாத்ரூம், பரண், மோட்டார் சுவிட்ச், ஒரு வீட்டில் காலி செய்யாமல் முறைத்துக்கொண்டு நின்ற பழைய வாடகைக்காரர், எல்லாமே படத்தில் இருந்தன.

மாமனாரின் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை ஏமாற்ற ஒரு வழி வைத்திருந்தேன். சனிக்கிழமையே அந்தப் படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கிவிடுவேன். அவை ஐடிக்குள் மேலே எங்கேயோ பத்திரமாக இருக்கும், ஒயரில் மாட்டாது. வீடு பார்க்கும் விஷயம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான், ஐடிக்குள் போய்ப் படம் தேடிப் பார்க்கிற ஆளும் அவர்தான் என்று நம்பினேன். மாமியாருக்கு வாட்ஸப்பில் பூப்படம் அனுப்புவதைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்பது என் கணிப்பு. தர சோதனைப் பிரிவில் இருப்பவளின் கணிப்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

ஒரு வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் மாடி. ஹால் சின்னது, பெட்ரூம் அதைவிடச் சின்னது. ஆனால் அடுப்படி நல்ல அகலம், மேடைக்கு நேர் எதிரே தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். இரண்டு நாள் கழித்து ரயிலில் அந்தப் படங்களைத் திறந்து பார்த்தேன். அடுப்படிப் படத்தின் மேல் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. பிடித்த படத்தைக் குறித்து வைப்பதற்குப் போடுவது. நான் போடவில்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், அண்ணனூரில் ஏறிய பூக்காரம்மாவிடம் தேவையில்லாமல் இரண்டு முழம் வாங்கினேன். வாய் திறந்து சொல்ல வராத மனுஷர், நட்சத்திரம் போட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார் என்று உருகிப்போனேன். அன்றைக்கே அந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது "ம்" என்றுவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வார ஞாயிறும் வழக்கம்போல் வந்தது. என் போன் சுத்தம். தும்பிக்கை டோக்கனை வாங்கிக்கொண்டு தெனாவெட்டாக உட்கார்ந்திருந்தேன். மாமியார் கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமனாருக்கு ஒரு பழக்கம், மாற்றிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, கலங்கலானதையும் காலை வணக்கப் பூக்களையும் அழிப்பார். என் போன் முடிந்தது, மகன் போன் முடிந்தது. மாமியார் போனிலிருந்து ரோஜா, தாமரை, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று வந்துகொண்டே இருந்தது. திடீரென்று கம்ப்யூட்டர் திரை முழுக்க மண்ணூர்பேட்டை அடுப்படி விரிந்தது.



"இது யாரூட்டு அடுப்படி?" என்றார் மாமனார், மாமியாரைப் பார்த்து.

"தெர்ல" என்றார் மாமியார், கத்தியை நிறுத்தாமல்.

தெரியாத வீட்டு அடுப்படி உன் போனுக்குள் எப்படி வந்தது என்று அவர் மடக்கினார். அந்தக் குரல் தொழிற்சாலை வாசலில் பழகிய குரலாக இருக்க வேண்டும்.

"மேல கெடந்துது. நான்தான் எறக்கி வச்சிகினேன். புட்ச்சிருந்துது. ஸ்டார் கூட போட்டேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மின்விசிறி மேல் இருக்கும் அக்கறை என் மேல் இருந்திருந்தால் நான் வீடே தேடியிருக்க மாட்டேன். நான் உருகியதும், பூ வாங்கியதும், வாக்குக் கொடுத்ததும் மாமியார் போட்ட நட்சத்திரத்தை நம்பித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே கோபமும் வந்தது. அப்படியென்றால் என் படங்கள் எல்லாவற்றையும் இவர் பார்த்திருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணிக்கோணி எடுத்துக்கொண்டவை உட்பட.

ஆனால் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நினைத்திருந்தால் கத்தி முனையை என் பக்கம் நீட்டி, இவளைக் கேளு என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்துவிடலாம், ஆனால் வீடு போய்விடும்.

"மாமா, அது மண்ணூர்பேட்டையில இருக்கு. நான்தான் வாடகைக்குப் பார்த்தேன். அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் அங்க போறோம்" என்றேன்.

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் வழக்கமான வார்த்தையைத் தொடங்கிப் பாதியில் விழுங்கினார். பிறகு மாமனார் திரும்பி, நீயும் இதற்கு உடந்தையா என்று மாமியாரைக் கேட்டார். மாமியார் அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஜன்னல் கீது பாரு. அடுப்பாண்ட நின்னா தெரு தெரியுது. குவார்ட்டர்ஸ்லயும் சொவரு, நீ கட்ன ஊட்லயும் சொவரு. நான் சொவத்தையே பாத்துகினு ஆக்கிப் போட்டுகினு கீறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. மாமனார் திரையில் இருந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் அடுப்படிக்கும் ஜன்னல் உண்டு. பக்கத்து மனைக்காரர் ஒட்டி வீடு கட்டியதிலிருந்து அதைத் திறந்தால் அவர்கள் சுவர்தான். அது அவருக்கும் தெரியும். கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு, டோக்கன்களை வாங்கிக்கொண்டு போன்களைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படத்தை மட்டும் அழிக்கவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, தனி வீடு என்றால் ரேஷன் கார்டில் பெயரை நீக்குவதுபோல இதிலும் நீக்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் இரண்டு போன்களையும் அவரே அந்த ஐடியிலிருந்து வெளியேற்றினார். முகத்தில் ஒரு சடங்கு செய்யும் தீவிரம். கேஸ்காரர், தண்ணீர் லாரி, ஒன்றுவிட்ட தங்கை எல்லோரும் ஒரே நொடியில் என் போனை விட்டுப் போனார்கள். கூடவே, அந்த ஐடிக்குள் பதிந்திருந்த என் அம்மாவின் எண்ணும் போய்விட்டது. சென்னீர்குப்பத்தில் இருந்த அம்மாவை நானாகக் கூப்பிட முடியவில்லை. கவலைப்பட்டு அவரே கூப்பிட்டுத் திட்டும் வரை காத்திருந்தேன்.

புது வீட்டில் எனக்கென்று ஒரு ஐடி போட்டுக்கொண்டேன். நானும் என் போனும் நிம்மதியாக இருந்தோம். நிம்மதி பத்து நாள் தாங்கவில்லை. விடுமுறை நாள் ஒன்றில், சாப்பாட்டுக்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. மாமியார் ஒரு கையில் முருங்கைக்கீரையோடு நின்றார். தனியாக ரயிலில் வந்திருக்கிறார். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் ஜன்னலைத் திறந்தார்.

அந்த ஜன்னலில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு லேத் பட்டறை, டீக்கடை, ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், நடுத்தெருவில் படுத்து ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கும் ஒரு நாய். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். நாய்க்கும் ஆட்டோவுக்கும் நடந்த பஞ்சாயத்தில் நாயின் பக்கம் நின்றார். தனிக்குடித்தனம் வந்தது நானா இவரா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போகச் சொல்ல மனசு வரவில்லை.

கீரை முடிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனுக்கும் தனியா ஒரு ஐடி போட்டுக் குடு."

மாமா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அவரிடம் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எதைக் காட்டணுமோ அதைக் காட்டிக்கொள்கிறேன் என்றார். சரி என்று உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். முதலில் பெயர் கேட்டது. அவர் பெயரை நான் ரேஷன் கார்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் போனை வாங்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தானே அடித்தார். அடித்துவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

அடுத்து பாஸ்வேர்டு கேட்டது. யாருக்கும் தெரியாத ஏதாவது ஒரு வார்த்தை போடுங்கள் அத்தை, நானே போட்டுத் தரட்டுமா என்று கையை நீட்டினேன். அவர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்தாண்ட திரும்பிக்கோ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.