மண் சுவருக்குப் பூசிய சீமெந்து

காலையில் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டைத் திருத்த வந்தவர்கள் சீமெந்து குழைத்தார்கள். அந்த ஈர மணம் நாலாம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. பிறகென்ன, தேத்தண்ணி ஆறினதும் தெரியாமல் இருந்துவிட்டேன்.

சீமெந்து மணம் எனக்கு இவருடைய மணம். கலியாணம் முடித்த புதிதில் இவர் யாழ்ப்பாணத்தில் மேசன். எவ்வளவு குளித்தாலும் விரல் இடுக்கில் அது இருக்கும். ஜெர்மனிக்கு வந்தபின் இல்லாமல் போனது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்றார்கள். சும்மா கிடந்த கைகளை இவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அப்போது ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிற்றூரில் ஃப்ரீடா அம்மாவின் வீட்டில் இருந்தோம். கணவர் இறந்து தனியாக இருந்தவர், மேல் அறையை எங்களுக்குச் சும்மா தந்தார். ஓக் மரச் சட்டங்களால் கட்டிய பழைய வீடு. ஆணி இல்லை, மரமுளை அடித்துப் பூட்டியிருந்தது. சட்டங்களுக்கு நடுவே தடி பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு. வீட்டுக்குள் நிலமும் சரிவு. மேசையில் தோடம்பழம் வைத்தால் தானாக யன்னல் பக்கம் உருண்டு போகும்.

வெளியூர்ச் சனம் வந்து படமெடுக்கும். எங்களுக்கு அது விளங்கவேயில்லை. எங்கள் பக்கத்தில் வசதியில்லாதவர்கள்தான் மண் வீட்டில் இருப்பார்கள். கொஞ்சம் நிமிர்ந்ததும் முதல் வேலை சீமெந்து பூசுவதுதான்.

“உந்த மனிசி பாவமப்பா,” என்றார் இவர். “வெள்ளைக்காரியாப் பிறந்தும் மண் வீடு.”

ஃப்ரீடா அம்மா இரண்டு கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். இவர் பக்கத்துத் தெருவில் வீடு கட்டியவர்களிடம் மிஞ்சிய சீமெந்து மூட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார்.

“கேக்காமப் பூசலாமோ? எனக்குப் பயமாக் கிடக்கு.”

“உமக்கு எதுக்குத்தான் பயமில்லை? வாத்தியாருக்குப் பயந்து அஞ்சாம் வகுப்போட ஓடி வந்த ஆளெல்லோ நீர். தண்ணியை ஊத்தும்.”

ஊற்றினேன். மழை அடிக்கிற பக்கச் சுவர் முழுக்க, மரத்தையும் மூடி, கண்ணாடி மாதிரிப் பூசினார். அத்தனை நாளும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தார்.

ஃப்ரீடா அம்மா வந்து, பெட்டியைக் கீழே வைக்காமலே சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு இவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். பின்னேரம் அப்பிள் கேக்கும் தந்தார். சந்தோசத்தில்தான் அப்படி நின்றாராக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

நகரத்துக்கு மாறிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டித் துடைத்துக் கொடுப்பேன். பல வருசம் கழித்து ஒரு வெள்ளி, தச்சர் ஒருவர் வந்து அந்தச் சீமெந்தில் ஒரு துண்டை உடைத்து, உள்ளே இருந்த மரத்தில் உளியை வைத்தார். அழுத்தவே இல்லை, பிடி வரைக்கும் இறங்கியது. மண் சுவர் குடித்த மழையை வெயிலில் திருப்பி விட்டுவிடுமாம். சீமெந்து விடாதாம். உள்ளே நின்ற தண்ணீர் மரத்தைத் தின்றுவிட்டது என்றார்.

“எந்த மடையன் பூசினது?”

“என்ரை மனுசன்தான்,” என்றார் ஃப்ரீடா அம்மா. “சொன்னாக் கேக்க மாட்டார்.”

அந்த மனுசனை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். “அது நாங்கள்” என்று சொல்லுமளவு ஜெர்மன் எனக்குத் தெரியும். வாளியோடு நின்றேன். ஃப்ரீடா அம்மா என் பக்கம் திரும்பாமலே, யன்னலும் துடைக்கவேண்டும் என்றார். துடைத்தேன்.

அந்த வீட்டில் இனி ஆள் இருக்க ஏலாது என்றார்கள். அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போவேன். அவர் என் முழங்கால் வலியை விசாரிப்பார், நேரம் போய்விடும். அங்கேயே ஒருநாள் கண்ணை மூடிவிட்டார்.

இவருக்கும் சொல்லவில்லை. பிறகு வாழ்நாளெல்லாம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய மனிதர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்லுவார். எப்படிச் சொல்ல?

போன மாதம் பஸ்ஸில் அந்த ஊரால் போனோம். வீடு இல்லை. அது இவ்வளவு காலமும் மறைத்திருந்த தேவாலயக் கோபுரம் தெருவுக்கே தெரிந்தது. இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எங்கட வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி அங்கால, என்ன?”

“ஓம்,” என்றேன்.

பஸ் ஊரைத் தாண்டும்வரை இவர் தன் சுவரைத் தேடிக்கொண்டே வந்தார்.