ஸ்வர்ணலதாவின் துத்தநாகத் தகடு

உள்ளங்கை அகலத் துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் ஸ்வர்ணலதாவுக்குக் கேட்காது. தேய்ப்பாள், சன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடியும் தேய்ப்பாள். "மட்டாஞ்சேரி காத்து ஒரே நாள்ல இதுக்குத் தோல் போத்திடும் சாரே. தோல் இருந்தா உள்ள இருக்கிற எலக்ட்ரான் எப்படி வெளிய சாடும்?" என்பாள்.

கொச்சியில் பள்ளுருத்திக்காரி. அப்பா பெயர் பிச்சை, கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். மகளுக்குத் தமிழ் எழுத வராது. குறிப்பெல்லாம் மலையாளத்தில் எழுதி, தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக ஆய்வகம் கூட்டுகிறாள். கூட்ட வந்தவள் கூட்டிவிட்டுப் போகலாமே! கை சும்மா இருக்காது. ஆசிரியர்கள் கைவிட்ட கருவிகளை நோண்டி நோண்டியே பாதிப் பாடத்தைப் படித்துவிட்டாள்.

அவளுக்குச் செல்லம் மின்னேற்றம் காட்டும் இந்தக் கருவிதான். கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லிய அலுமினிய இலைகள் இரண்டு, மேலே இந்தத் தகடு. கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் தகட்டைத் தொட்டால் மின்னேற்றம் இறங்கி இலைகள் விரியும். பிறகு புற ஊதா விளக்கைக் காட்டினால், தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிப் போய், இலைகள் தொங்கிவிடும். சாதாரண பல்பு எத்தனை போட்டாலும் அசையாது. புற ஊதா விளக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றியது; கண்ணுக்கு ஆகாது என்று, தகட்டைப் பார்த்து ஒரு வாய் மட்டும் விட்டு, சுற்றிலும் தகர மறைப்பு அடித்து வைத்திருக்கிறாள்.

இந்த ஜூலையில் ஆய்வக உதவியாளர் இடம் காலியானது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் ஸ்ரீநாத் முன்னால் ஒரு சோதனையைச் சரியாகச் செய்துகாட்டினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் துடைப்பம்தான். சுலபமானவை எத்தனையோ இருக்க, இதைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தாள்.

அன்று பார்த்து மழை ஊற்றித் தள்ளியது. தகட்டைத் தேய்த்தாள், குழாயால் தொட்டாள், இலைகள் விரிந்தன. விளக்கை அருகே கொண்டுபோய் வைத்தாள். இலைகள் மெல்லத் தொங்கின.

"கொள்ளாம்" என்று மெச்சி ஸ்ரீநாத் பேனாவைத் திறந்தார்.

"எழுதண்டா சாரே, வேண்டாம்!" ஸ்வர்ணலதா குறுக்கே கை நீட்டினாள். "நான் இன்னும் ஸ்விட்சே போடல. சார்ஜ் வெளிச்சத்துல போகல, ஈரத்துல கசிஞ்சு போனது."

தகர மறைப்புக்குள் விளக்கு எரிகிறதா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்த வேலையை இப்படியா தட்டிவிடுவாள்! அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.  அவள், பார்லர் நடத்தும் ஷபானாவிடம் இரவல் வாங்கி வந்திருந்த ஹேர் டிரையரை எடுத்து, குடுவையின் மூடியையும் கழுத்தையும் கால் மணி நேரம் காய வைத்தாள்.

மறுபடி குழாய். இலைகள் விரிந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், விரிந்தபடியே நின்றன. இப்போது ஸ்விட்சைப் போட்டாள். இலைகள் இறங்கத் தொடங்கின. பாதி வழியில் விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சன்னல் கண்ணாடித் துண்டைச் செருகினாள். இலைகள் அப்படியே நின்றுவிட்டன.

"கண்ணாடி இந்த வெளிச்சத்தை விடாது சாரே. இப்ப பாருங்க."

கண்ணாடியை உருவினாள். இலைகள் மீதி தூரமும் இறங்கின.

ஸ்ரீநாத் குடுவையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஸ்வர்ணலதா விளக்கை அணைத்துவிட்டு, மேசையில் கிடந்த அவருடைய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.