பிரெஞ்சு அவரை விட்டுப் போன பிறகு

என் கணவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்லூரி ஒன்றில் கணிதப் பேராசிரியராக இருந்தார். கணிதம் உத்தியோகம். அதற்கு வெளியே அவருக்கு இருந்த ஆசைகளைப் பார்த்தால் ஒரே ஆளுக்கு இத்தனையா என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேரே மீனவர்கள் இருக்கும் வைத்திக்குப்பம் போய்விடுவார். கரைக்கு வந்த மீன்களின் பேரையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவார். வயலின் வாசிப்பார், சுமாராகத்தான். தெரிந்தவர்கள் வீட்டில் கடிகாரம் நின்றுபோனால் எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். கழற்றி வைத்த பல்சக்கரங்களை அசைக்காமல் தட்டு வைக்க நான் பழகியிருந்தேன்.

வீட்டில் நாங்கள் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். கணிதம் என்று வந்தால் முழுக்கப் பிரெஞ்சுதான். அவர் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் அதில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மழைக்காலத்தில் ஒரு காலை, பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கரும்பலகை முன்னால் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கல்லூரித் தலைவர் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிரெஞ்சில் பேசினார். என் கணவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இவர் என்ன சொல்கிறார் என்று கண்ணாலேயே கேட்டார். பிரெஞ்சு அவருக்குப் புரியவில்லை. வந்தவருக்கும் புரிந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்தும் பேச்சில்லை. ஒரு நாள் வைத்திக்குப்பத்திலிருந்து மீனவர் ஒருவர் பார்க்க வந்தார். என் கணவருடைய நோட்டில் இருந்த மீன் பேர்களில் பாதி அவர் சொன்னவை. கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து என் கணவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இன்னா வாத்தியாரே, இது இன்னா மீனு, சொல்லு" என்றார்.

அவரைத் தடுக்க நான் எழுந்தேன்.

"கெழங்கா," என்றார் என் கணவர். கிழங்கான் மீன்தான். ஏழு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. மீனவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, சிறு வயதில் தன் அம்மாவிடம் பேசிய தமிழ். பிரெஞ்சு வரவே இல்லை. தன் கணிதப் புத்தகங்களைத் திறந்தால் படங்களும் குறிகளும் மட்டும் அவருக்குப் புரிந்தன.

"கணக்கு இருக்குது," என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பேருதான் இல்ல."

"இல்லன்னா நாம வச்சிக்கலாங்க," என்றேன். ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் காலையில் இடது கையால் ஸ்லேட்டில் வரைவார், நான் ஒரு புது நோட்டில் எழுதுவேன். வட்டத்தை ஒரே இடத்தில் தொடுகிற கோடு எங்களுக்குத் 'தொட்டுப்போகும் கோடு' ஆனது. இன்னொரு நாள் ஒரு வளைகோடு நேர்கோட்டை நெருங்கிக்கொண்டே போயிற்று.

"எப்பங்க சேரும்?"

"சேராது. எவ்ளோ தூரம் போனாலும் சேராது. கிட்டக்கப் போய்ட்டே இருக்கும்."

அதற்குப் பேர் வைக்க இரண்டு நாள் ஆனது. வகுத்தலோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்று அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடலூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தமிழ்க் கணிதப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். நாங்கள் தேடித் தேடி வைத்த பேருக்கெல்லாம் அதில் ஏற்கெனவே வேறு பேர் அச்சாகியிருந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. என் கணவர் ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சிலதுக்குத் தலையாட்டினார். பிறகு, "நம்மளுது நம்மளுக்கு இருக்கட்டும், நீ எழுது," என்றார்.

இரண்டு வருஷம் எழுதினோம். கல்யாணமாகி அத்தனை காலம் கழித்து, அவர் எதில் மூழ்கிக் கிடந்தார் என்று எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். கோளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் நோய் மறுபடி வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாளில் கல்லூரியிலிருந்து வந்து அவருடைய பிரெஞ்சுப் புத்தகங்களைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். நோட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.