கல்முனையில் மட்டும் மாமா

கல்முனை பஸ் நிலையத்தில் அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு நிற்கிறோம்: நான், என் துணைவன் ரமேஷ், எங்கள் ஆறு வயது மகள் மீரா. டொரண்டோவில், பள்ளிக்கூட வாசலில் அவள் "அப்பா" என்று கத்தினால் இருவரும் திரும்புவோம்; யாரும் அதைக் கவனிப்பதில்லை. போன வருடம் சண்டை முடிந்துவிட்டதென்று ஊர் பார்க்க வந்த இடத்தில், ரமேஷை "மாமா" என்று கூப்பிடப் பழக்கியிருக்கிறோம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மறக்கிறாள். பத்துத் தரமும் எனக்கு வேர்க்கிறது.

கச்சான் கடலை விற்கும் முக்காட்டுக்காரப் பெண் மீராவின் கன்னத்தைத் தடவுகிறாள். "புள்ளேட உம்மா எங்க, தம்பி?"

காலையிலிருந்து இது நான்காவது ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே குரலைத் தாழ்த்துகிறாள். "சுனாமியில மௌத்தாகிட்டாவா?"

இந்தக் கரையில் தாயில்லாத பிள்ளைக்கு வேறு காரணமே கிடையாது. இல்லையென்றால் அடுத்த கேள்வி வரும். ரமேஷ் என் காலை மிதிக்கிறான். "ஓம்" என்கிறேன். எனக்கு இல்லவே இல்லாத ஒரு மனைவியைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று.

அவள் கண் கலங்குகிறது. "என்ட மகளும் அதுலதான் போனா." கச்சான் சுருளொன்றை மீராவின் கையில் திணிக்கிறாள். வாங்கவும் கூசுகிறது, மறுக்கவும் முடியவில்லை.

பஸ் வருகிறது. மீரா சுருளோடு ரமேஷிடம் ஓடுகிறாள். "அப்பா! பஸ்!"

நான் சட்டென்று கச்சான்காரியின் முகத்தைப் பார்க்கிறேன். அந்தப் பெண் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைக்கிறாள்.

"பாவம். தாயில்லாத புள்ளைக்குக் காணுற ஆம்புளையெல்லாம் வாப்பாதான்."